சட்டமன்றத்தில் இலிங்கன்

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல் என ஓர் அதிகாரமும், அதனையடுத்து அவையஞ்சாமை என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். அவையின் இயல்பை அறிந்து ஒழுகுதல் ஒரு திறன்; அவ்வவைக்கு அஞ்சாது உண்மை கூறுதல் மற்றொரு திறன். முன்னதை மட்டும் உடையார் காலத்திற்கேற்ப வளைந்து கொடுத்தே வாழ்நாளைக் கழித்துவிடுவர். பின்னதை மட்டும் உடையார் தாம் எண்ணியதை முடிக்கும் வழியறியாது நிற்பர். இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆபிரகாம் இலிங்கன்.

அடிமை விலங்கை அறுத்த பெருந்தகை என உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆயினும், அப்பெருஞ்செயலின் வித்து ஊன்றப்பட்ட இடத்தைப் பலரும் அறியார். அது வாசிங்டன் மாநகரத்து வெள்ளை மாளிகை அன்று. இல்லினாய் என்னும் மாநிலத்தில், வண்டேலியா என்னும் சிற்றூரில், சுவரின் ஈரமும் உலராதிருந்த ஒரு சட்டமன்றக் கட்டடமே அது. அம்மன்றம் 1836ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கூடி, 1837ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் கலைந்தது. அம்மூன்று திங்களில் அங்கு நிகழ்ந்தவற்றையும், அவற்றுள் இலிங்கன் ஆற்றிய பங்கினையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் வறுமையும்

இலிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், கெண்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசையில் பிறந்தார். தந்தையார் தாமசு இலிங்கன் உழவரும் தச்சருமாவார். தாயார் நான்சி. இலிங்கனுக்கு ஏழு வயதாகும்போது அக்குடும்பம் இந்தியானா மாநிலத்துக் காட்டுப்பகுதியில் குடியேறிற்று. இரண்டாண்டுகள் கழியுமுன்னரே அன்னையார் நோயுற்று இறந்தார். அடுத்த ஆண்டு சிற்றன்னையாக வந்த சாரா என்னும் அம்மையார், ஈன்ற தாயினும் பரிவு காட்டி இலிங்கனை வளர்த்தார். படிப்பில் அவருக்கிருந்த வேட்கையை அறிந்து ஊக்கியவரும் அவ்வம்மையாரே.

இலிங்கன் பள்ளியிற் பயின்ற நாள்கள் அனைத்தையும் ஒன்று கூட்டினும் ஓராண்டுக்கு மேல் வாரா. கோடரி பிடித்த கையாலேயே அவர் ஏட்டையும் பிடித்தார். அண்டை வீடுகளில் நூல்களை இரவல் பெற்று அடுப்பின் ஒளியிற் படித்தார். இளமையில் இருமுறை படகில் பண்டங்களை ஏற்றிக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கிலுள்ள நியூ ஆர்லியன்சு நகருக்குச் சென்று வந்தார். அந்நகரம் அக்காலத்தில் மாந்தரை விலைபேசி விற்கும் பெருஞ்சந்தையாக இருந்தது.

1830ஆம் ஆண்டு குடும்பத்தார் இல்லினாய் மாநிலத்தை அடைந்தனர். அடுத்த ஆண்டு இலிங்கன் பெற்றோரைப் பிரிந்து, சங்கமன் ஆற்றங்கரையிலுள்ள நியூ சேலம் என்னும் ஊரில் தனித்து வாழத் தொடங்கினார். அங்கே அவர் கடை எழுத்தராக இருந்தார். பின்னர்ப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து சொந்தமாகக் கடை வைத்தார். கடை நொடித்தது. பங்காளியும் இறந்தார். அவர் பங்குக் கடனையும் தம் தலைமேல் ஏற்று, பல்லாண்டுகள் உழைத்து, ஒரு காசும் குறையாமல் இலிங்கன் அடைத்தார். இடையில் அவ்வூர் அஞ்சல் அதிகாரியாகவும், நில அளவையாளராகவும் பணியாற்றி வயிறு வளர்த்தார்.

தோல்வியும் வெற்றியும்

1832ஆம் ஆண்டு, தம் இருபத்து மூன்றாம் வயதில், இலிங்கன் மாநிலச் சட்டமன்றத்திற்கு வேட்பாளராக நின்றார். பதின்மூவர் போட்டியிட்ட அத்தேர்தலில் எட்டாம் இடமே பெற்றுத் தோற்றார். ஆனால், அவரை நன்கறிந்த நியூ சேலம் வட்டத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 வாக்குகள் அவருக்கே கிடைத்தன. அறிந்தோர் அனைவரும் அவரை விரும்பினர். அறியாதோரே அவரை விடுத்தனர் என்பது இதனாற் புலனாகும்.

தோல்வியால் அவர் துவண்டாரல்லர். இரண்டாண்டுகள் நில அளவைத் தொழிலின் பொருட்டு ஊர் ஊராக நடந்தார்; மக்களோடு மக்களாகப் பழகினார். 1834ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாம் இடம் பெற்று வென்றார். சட்டமன்றம் செல்வதற்குத் தக்க உடைகூட அவரிடம் இல்லை. அன்பர் ஒருவரிடம் 200 டாலர் கடன் பெற்று, அதில் ஒரு பகுதியைக் கொண்டு புத்தாடை தைத்துக்கொண்டு, குதிரைவண்டி ஏறித் தலைநகராகிய வண்டேலியாவுக்குச் சென்றார் என்பர். அம்முதற் பருவத்தில் அவர் மிகுதியாகப் பேசவில்லை. பிறர் பேசுவதைக் கேட்டார். மசோதா எவ்வாறு வரைவது, குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன, வாக்குகள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பவற்றைக் கூர்ந்து நோக்கினார். உடனுறுப்பினராகிய ஜான் ஸ்டூவர்ட்டு என்னும் வழக்கறிஞர் தூண்டியதால் சட்ட நூல்களையும் கற்கலானார். அவையறிதல் என்னும் கல்வியை இலிங்கன் கற்ற பள்ளி அதுவே.

மன்றம் கூடியது

1836ஆம் ஆண்டுத் தேர்தலில் இலிங்கன் தம் மாவட்டத்து வேட்பாளர் அனைவரினும் மிகுதியான வாக்குகள் பெற்று மீண்டும் வென்றார். டிசம்பர்த் திங்களில் மன்றம் கூடியபோது அவருக்கு வயது இருபத்தேழு.

அம்மன்றத்திற்கு இரண்டு அவைகள் இருந்தன. கீழவையில் 91 உறுப்பினர். மேலவையில் 40 உறுப்பினர். அந்நாளில் இல்லினாய் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1830ஆம் ஆண்டில் 1,57,000ஆக இருந்த அதன் மக்கள்தொகை, 1840ஆம் ஆண்டில் 4,76,000ஆகப் பெருகிற்று. அதற்கேற்ப உறுப்பினர் தொகையும் கூடிற்று. கூடிய இடமோ புதியது. தலைநகர்ப் பெருமை தம் ஊரைவிட்டுப் போய்விடுமோ என்றஞ்சிய வண்டேலியா மக்கள், அவ்வாண்டுக் கோடையில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு விரைந்து ஒரு புதிய மன்றம் எழுப்பியிருந்தனர். உறுப்பினர் வந்தமர்ந்தபோது சுவர்ச் சாந்து உலர்ந்தபாடில்லை. பனிக்காலக் குளிரோடு சுவரின் ஈரக்குளிரும் சேர்ந்து அவர்களை வாட்டிற்று.

அங்கு அமர்ந்திருந்தோரை எண்ணிப் பார்க்கும்போது வியப்பு உண்டாகின்றது. பெரும்பாலோர் உழவர், வணிகர், வழக்கறிஞர். அவர்களுள் பலர் கெண்டக்கி, டென்னசி, வர்சீனியா முதலிய தென்பகுதி மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோர். அவைத் தலைவர் ஜேம்சு செம்பிள் பின்னாளில் நாட்டின் செனட்டு அவைக்குச் சென்றார். உருவிற் குறுகியவரும் நாவன்மையிற் பெரியவருமாகிய ஸ்டீபன் டக்ளசு, இருபத்து மூன்று வயதே நிரம்பியவராய் அங்கே வீற்றிருந்தார். 1858ஆம் ஆண்டு ஏழு ஊர்களில் இலிங்கனோடு சொற்போர் புரிந்தவரும், 1860ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரும் இந்த டக்ளசே. பிற்காலத்தில் மூன்று மாநிலங்களின் சார்பில் செனட்டு உறுப்பினராகும் பேறு பெற்ற ஜேம்சு சீல்சு என்பாரும் அங்கிருந்தார். மெக்சிகோப் போரில் உயிர் துறந்த ஜான் ஹார்டினும் இருந்தார். மேலவையில் ஆர்வில் பிரவுனிங் இருந்தார். சிற்றூர் ஒன்றில் கூடிய அவ்வவை, ஒரு நாட்டின் வருங்காலத்தையே தன்னகத்துக் கொண்டிருந்தது.

சங்கமன் மாவட்டத்தினின்று இரண்டு அவைகளுக்கும் சென்றோர் ஒன்பதின்மர். கீழவைக்கு எழுவர், மேலவைக்கு இருவர். அவ்வொன்பதின்மரும் நெட்டையர். அனைவர் உயரத்தையும் கூட்டினால் 54 அடி வரும் என்பர். ஆதலின், நெடிய ஒன்பதின்மர் என்னும் பெயர் அவர்களுக்கு வழங்கிற்று. அவர்களுள்ளும் உயர்ந்தவர் 6 அடி 4 அங்குலம் வளர்ந்திருந்த இலிங்கன். அக்குழுவினருக்கு வழிகாட்டியும் அவரே.

தலைநகர் மாற்றம்

சங்கமன் மாவட்டத்து மக்கள் தம் உறுப்பினரிடம் ஒன்றையே வலியுறுத்தி வேண்டியிருந்தனர். மாநிலத்தின் தலைநகரைத் தம் மாவட்டத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டுக்குக் கொணர வேண்டும் என்பதே அது. வண்டேலியாவுக்கு 1820ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுக் காலமே தலைநகர் உரிமை அளிக்கப்பட்டிருந்தது. மக்கள் குடியேற்றமோ வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. எனவே, ஆல்டன், ஜாக்சன்வில், பியோரியா முதலிய பல ஊர்களும் அப்பெருமைக்குப் போட்டியிட்டன.

அதே பருவத்தில் மற்றொரு பெருந்திட்டமும் அவையின் முன் நின்றது. இருப்புப்பாதைகள் அமைத்தல், ஆறுகளைச் செப்பனிடுதல், சாலைகள் போடுதல் ஆகியவற்றுக்காக 1 கோடி டாலருக்கு மேல் செலவிட வேண்டும் என்னும் திட்டம் அது. தத்தம் மாவட்டத்திற்கு ஒரு பாதை கிடைக்கும் என்னும் ஆவலால் உறுப்பினர் பலர் அதனை வரவேற்றனர். இலிங்கனும் நெடிய ஒன்பதின்மரும் அதனை முழுமனத்தோடு ஆதரித்தனர். திட்டத்திற்கு வாக்களித்து, அதற்கு ஈடாகத் தலைநகருக்கு வாக்குகளைப் பெற்றனர் என்று பலர் எழுதியுள்ளனர். பின்னர் ஆய்ந்தோர் சிலர், அத்தகைய பேரம் நிகழ்ந்தமைக்கு உறுதியான சான்று இல்லை என்பர்.

தலைநகர் மசோதா எளிதில் நிறைவேறவில்லை. இருமுறை அது கிடப்பில் போடப்பட்டது. குழுவினர் நம்பிக்கை இழந்தனர். இலிங்கன் மட்டும் நம்பிக்கை இழந்தாரல்லர். ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே கண்டு பேசினார், திருத்தங்களை ஏற்றார், மசோதாவை மீண்டும் உயிர்ப்பித்தார். முடிவில் 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரண்டு அவைகளும் ஒன்றாய்க் கூடி வாக்களித்தன. நான்காம் முறை எண்ணியபோது ஸ்பிரிங்பீல்டு 73 வாக்குகள் பெற்று வென்றது. வண்டேலியாவின் புதுக்கட்டடத்தில் சாந்து உலருமுன்பே அதன் பெருமை கைமாறிற்று.

பெருந்திட்டமோ பெருந்துன்பமாய் முடிந்தது. அவ்வாண்டு மே திங்களில் நாடெங்கும் பணமுடை தோன்றிற்று. எடுத்த பணிகள் பாதியில் நின்றன. சில ஆண்டுகளில் மாநிலம் கடனுக்கு வட்டியும் கட்ட இயலாத நிலையை அடைந்தது. அக்கடன் முற்றும் தீர்வதற்கு 1880களின் தொடக்கம் வரை ஆயிற்று. அத்திட்டத்திற்கு வாக்களித்தோருள் இலிங்கனும் ஒருவர் என்பதை மறைத்தல் தகாது. பெரியோர் வாழ்விலும் பிழைகள் உண்டு. அனைவரும் விரும்பும் ஒன்று நன்மையாகவே இருக்கும் என்று எண்ணிய பிழை அது. ஆனால், அதே பருவத்தில் அனைவரும் விரும்பிய மற்றொன்றை அவர் ஏற்க மறுத்தார். அதுவே அவர் புகழின் தொடக்கம்.

அடிமை முறை பற்றிய தீர்மானம்

அந்நாளில் அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கானோர் அடிமைகளாய் இருந்தனர். அவர்கள் விலைக்கு விற்கப்பட்டனர்; பெற்றோர் ஓரிடத்திற்கும் மக்கள் ஓரிடத்திற்குமாகப் பிரிக்கப்பட்டனர். இக்கொடுமையை ஒழிக்க வேண்டுமென வடபகுதியில் சில சங்கங்கள் தோன்றி, இதழ்களும் துண்டு வெளியீடுகளும் பரப்பின. தென்மாநிலங்கள் சினங்கொண்டன, அச்சங்கங்களை அடக்க வேண்டுமெனப் பிற மாநிலங்களுக்கு ஓலை விடுத்தன. அவ்வோலைகள் இல்லினாய்க்கும் வந்தன. ஆளுநர் அவற்றைச் சட்டமன்றத்தின் முன் வைத்தார்.

இல்லினாய் அடிமை முறையைத் தன் அரசியலமைப்பில் விலக்கியிருந்த மாநிலமே. ஆயினும், அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களை ஒடுக்கும் சட்டங்கள் பல இருந்தன. குடிமக்களுள் தென்பகுதியிலிருந்து வந்தோரே மிகப் பலர். அடிமை ஒழிப்புச் சங்கத்தார் என்றாலே மக்கள் முகஞ்சுளித்தனர். ஆதலின், சட்டமன்றம் தென்மாநிலங்களின் மனம் குளிரத் தீர்மானம் ஒன்று வகுத்தது. அடிமை ஒழிப்புச் சங்கங்கள் தோன்றுவதைத் தாம் வன்மையாக வெறுப்பதாகவும், அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமை தென்மாநிலங்களுக்கு நாட்டின் அரசியலமைப்பால் அளிக்கப்பட்ட புனித உரிமை எனவும், நாட்டின் தலைநகரமாகிய கொலம்பியா மாவட்டத்தில் அங்குள்ளாரின் இசைவின்றி அடிமை முறையை நாட்டு அரசு ஒழித்தல் கூடாது எனவும் அத்தீர்மானம் கூறிற்று.

தலைநகரைப் பற்றிய பகுதியில் இலிங்கன் ஒரு சிறு திருத்தம் கொணர்ந்தார். அம்மாவட்டத்து மக்களே அடிமை முறையை ஒழிக்குமாறு வேண்டிக்கொண்டால் ஒழிக்கலாம் என்னும் பொருள்படச் சில சொற்களைச் சேர்க்கவேண்டும் என்பதே அத்திருத்தம். அவை அதனை ஏற்கவில்லை. 1837ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரித்தோர் 77 பேர். எதிர்த்தோர் 6 பேர். அவ்வறுவருள் ஒருவர் இலிங்கன். மேலவையில் எதிர்ப்பே எழவில்லை.

தீர்மானம் என்பது சட்டமன்று. அதனால் எவருக்கும் உடனடியாக விளையும் நன்மையுமில்லை, தீமையுமில்லை. எதிர்த்து வாக்களித்ததோடு தம் கடமை முடிந்தது என்று இலிங்கன் வாளா இருந்திருக்கலாம். மக்கள் சில நாளில் அதனை மறந்திருப்பர். ஆனால், அவர் உள்ளம் அமைதியுறவில்லை. ஓர் அவை பெரும்பான்மையால் அநீதியைப் புனிதம் என்று எழுதிவைக்குமாயின், அது அநீதியே என்று எழுதிவைக்க ஒருவரேனும் வேண்டும் அன்றோ?

எழுத்து வடிவான எதிர்ப்பு

இல்லினாய் அரசியலமைப்பில் ஓர் அரிய விதி இருந்தது. அவை நிறைவேற்றிய சட்டமோ தீர்மானமோ தீங்கானது என்று உறுப்பினர் இருவர் கருதினால், தம் மறுப்பையும் அதற்குரிய காரணத்தையும் அவைக் குறிப்பேட்டில் பதியுமாறு அவர்கள் செய்யலாம். ஒருவர் மட்டும் அவ்வாறு செய்தல் இயலாது, இருவர் வேண்டும். எனவே, இலிங்கனுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. எதிர்த்து வாக்களித்த மற்ற ஐவருள் கையொப்பமிட முன்வந்தவர் ஒருவரே. அவர், நெடிய ஒன்பதின்மருள் ஒருவராகிய டான் ஸ்டோன். ஸ்டோன் விரைவில் நீதிபதிப் பதவி ஏற்றுச் சட்டமன்றத்தை விட்டு நீங்கினார். இலிங்கனோ மீண்டும் மக்களிடம் சென்று வாக்குக் கேட்க வேண்டியவர். ஆதலின், அக்கையொப்பத்தால் வரக்கூடிய இழப்பு அவருக்கே மிகுதி.

தலைநகர் வாக்கெடுப்பு முடிந்த மூன்றாம் நாள், அதாவது மார்ச்சு 3ஆம் நாள், அம்மறுப்பு அவைக் குறிப்பேட்டில் ஏறிற்று. அடிமை முறை அநீதியையும் தீய அரசியல் நெறியையும் அடிப்படையாகக் கொண்டது என அது தெளிவாக உரைத்தது. அடிமை ஒழிப்புச் சங்கத்தாரின் கோட்பாடுகளைப் பரப்புதல் அத்தீமையைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்யும் என்றும் அது கூறிற்று. மாநிலங்களுக்குள் நிலவும் அடிமை முறையில் தலையிட நாட்டுப் பேரவைக்கு அரசியலமைப்பில் அதிகாரம் இல்லை. கொலம்பியா மாவட்டத்தில் அதனை ஒழிக்க அதிகாரம் உண்டு. ஆனால், அம்மாவட்டத்து மக்கள் வேண்டினாலன்றி அதனைச் செலுத்துதல் கூடாது. இவையே அம்மறுப்பின் சாரம்.

இன்று படிப்பார்க்கு இது மிக மென்மையான மறுப்பாகவே தோன்றும். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்று இலிங்கன் கூறவில்லை. சங்கத்தாரையும் அவர் ஆதரிக்கவில்லை. தலைநகர் வாக்கெடுப்பு முடியும்வரை அம்மறுப்பு குறிப்பேட்டில் ஏறவில்லை என்பதும் உண்மை. முன்னரே பதிந்திருந்தால், தென்பகுதிச் சார்புடைய உறுப்பினரின் வாக்குகளை ஸ்பிரிங்பீல்டு இழந்திருத்தல் கூடும். இதனை அச்சம் என்று கூறுவாரும் உளர். ஆயினும், தம்மை அனுப்பிய மக்களின் வேலையை முதலில் முடித்துக் கொடுத்தபின் தம் மனச்சான்றின் வேலையை முடித்தார் என்பதே பொருந்தும். முன்னது அவையறிதல், பின்னது அவையஞ்சாமை.

அக்காலத்தின் கொடுமையை எண்ணினால் அம்மறுப்பின் அருமை விளங்கும். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், அதே இல்லினாய் மாநிலத்து ஆல்டன் நகரில், அடிமை முறையைக் கண்டித்து இதழ் நடத்திய எலைஜா லவ்ஜாய் என்பாரின் அச்சுப்பொறியை அழிக்க ஒரு கூட்டம் திரண்டது. அதனைக் காக்க முயன்ற லவ்ஜாய் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய மாநிலத்தில், அடிமை முறை அநீதி என்று எழுதிக் கையொப்பமிடுதல் எளிய செயலன்று.

வித்து விளைந்தது

மன்றம் கலைந்தபின், 1837ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், இலிங்கன் நியூ சேலத்தை விட்டு ஸ்பிரிங்பீல்டில் குடியேறினார். இரவல் குதிரையில் வந்த அவர், தம் உடைமை முழுவதையும் இரண்டு பைகளில் அடக்கியிருந்தார். படுக்கை வாங்கவும் கையில் பணமில்லை. அவர் நிலை கண்டு இரங்கிய ஜோசுவா ஸ்பீடு என்னும் கடைக்காரர், கடைமாடியில் தம் அறையைப் பகிர்ந்துகொண்டார். அங்கிருந்தே இலிங்கன் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். மக்கள் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1838ஆம் ஆண்டிலும் 1840ஆம் ஆண்டிலும் மீண்டும் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர்.

வண்டேலியாவில் தோற்ற திருத்தத்தை அவர் மறந்தாரல்லர். 1847ஆம் ஆண்டு நாட்டுப் பேரவையின் உறுப்பினராக வாசிங்டன் சென்றார். 1849ஆம் ஆண்டு ஜனவரியில், அம்மாவட்டத்து வாக்காளர் இசைந்தால், உடையவருக்கு ஈடு கொடுத்துப் படிப்படியாக அடிமை முறையை அங்கு ஒழிக்கும் மசோதா ஒன்றை வகுத்து அவைக்கு அறிவித்தார். ஆதரவு கிட்டாமையின் அதுவும் கைகூடவில்லை. 1860ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, தம் வரலாற்றுக் குறிப்பை எழுதிக் கொடுத்த இலிங்கன், 1837ஆம் ஆண்டு மறுப்பை அதிற் குறிப்பிட்டார். அன்று கொண்ட கருத்து இன்றும் மாறவில்லை என்றும் தெரிவித்தார்.

குடியரசுத் தலைவரான பின்னர், 1862ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் இலிங்கன் கையொப்பமிட்டார். அங்கு 3,000 பேருக்கு மேல் விடுதலை பெற்றனர். இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத உறுப்பினர்களும் இருந்த வண்டேலியா அவையில் தோற்றுப்போன சில சொற்கள், கால் நூற்றாண்டு கழிந்து, அவற்றினும் வலிய சட்டமாக எழுந்தன. 1863ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், போர் தொடுத்த தென்மாநிலங்களில் இருந்த அடிமைகள் விடுதலை பெற்றனர் என்னும் புகழ்மிக்க அறிக்கையை அவர் வெளியிட்டார்.

இன்னும் ஒன்று அறியத்தக்கது. அடிமை முறையை நாடு முழுவதும் அடியோடு ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம், 1865ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நாட்டுப் பேரவையில் நிறைவேறிற்று. அதற்கு மாநிலங்கள் ஒப்புதல் அளிக்க வேண்டும். மறுநாளே, பிப்ரவரி முதல் நாள், எல்லா மாநிலங்களுக்கும் முந்தி ஒப்புதல் அளித்தது எந்த மாநிலம்? அடிமைகளை உடைமையாகக் கொள்வது புனித உரிமை என்று 77 வாக்குகளால் முன்னொரு நாள் முழங்கிய அதே இல்லினாய்ச் சட்டமன்றமே. அத்திங்களிலேயே கறுப்பின மக்களை ஒடுக்கிய தன் பழைய சட்டங்களையும் அது நீக்கிற்று. அறுவராய் நின்றோரின் கருத்து, மாநிலத்தின் கருத்தாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு கொலைஞன் ஒருவனால் சுடப்பட்ட இலிங்கன், மறுநாட் காலை உயிர் நீத்தார். ஸ்பிரிங்பீல்டில் அவர் குடிபுகுந்ததும் ஓர் ஏப்ரல் 15ஆம் நாளே. உலக வாழ்வை நீத்ததும் அந்நாளே. அவர் உடல் தொடர்வண்டியில் பல நகரங்கள் வழியே ஸ்பிரிங்பீல்டுக்குக் கொணரப்பட்டது. மே திங்கள் 3ஆம் நாள் தொடங்கி மறுநாள் வரை, சட்டமன்றக் கட்டடத்தின் பேரவை மண்டபத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. மக்கள் இரவும் பகலும் அணியணியாய் வந்து வணங்கிச் சென்றனர். 1837ஆம் ஆண்டு அவர் பாடுபட்டு வென்ற வாக்கெடுப்பால் எழுந்த மன்றம் அது.

முடிவுரை

வண்டேலியாவின் பழைய மன்றம் இன்றும் நினைவுச் சின்னமாகப் போற்றிக் காக்கப்படுகின்றது. அங்கே அன்று அமர்ந்திருந்தோர் இரண்டு அவைகளிலும் நூற்று முப்பத்தொருவர். அவர்கள் நிறைவேற்றிய பெருந்திட்டம் பயனின்றிக் கழிந்தது. அவர்கள் கைதூக்கிய தீர்மானத்தை இன்று போற்றுவார் எவருமிலர். ஆனால், குறிப்பேட்டின் ஓரேட்டில் இருவர் எழுதிய சில வரிகள் நிலைத்துவிட்டன. பெரும்பான்மை ஓர் அவையின் முடிவைத் தீர்மானிக்கும்; அம்முடிவு அறமா அன்றா என்பதை அது தீர்மானித்தல் இயலாது. குடியாட்சியில் வாழும் நாம் ஊர்மன்றத்திலும் மாணவர் மன்றத்திலும் அமரும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவையின் இயல்பை அறிந்து, முறை வழுவாது, உண்மையென உணர்ந்ததை அஞ்சாது கூறிப் பதிவுசெய்தல் நம் கடன். அதன் விளைவு நாளையே வாராது போகலாம். காலம் கனியும்போது வந்தே தீரும்.